மூக்கிலிருந்து எண்ணுக்கு: குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் சட்டத்தின் 150 ஆண்டுகள்

வண்டி ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் இந்தியாவில் குற்றம். இங்கிலாந்தில் இந்த எல்லை இன்றும் 80. அமெரிக்காவில் யூட்டா நீங்கலாக மற்ற மாநிலங்களிலும் 80தான். ஜப்பானில் நம்மைப் போலவே 30. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் உலகின் கண்டிப்பான நாடுகளின் வரிசையில் நாமும் இருக்கிறோம்.

விபத்துக் கணக்கோ வேறு வகையில் வியக்க வைக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவற்றில் குடிபோதையால் நேர்ந்தவை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் காட்டுவது ஏறத்தாழ 4,200 மரணங்கள், நூற்றுக்கு இரண்டரை. அதே ஆண்டில் அமெரிக்கா குடிபோதை ஓட்டுநர்கள் தொடர்புடையதாகக் கணக்கிட்டது 13,524 மரணங்கள். அங்கு அது மொத்தச் சாலை மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். அமெரிக்கர்களைவிட நாம் பன்னிரண்டு மடங்கு நிதானமானவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர் தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் சனிக்கிழமை இரவு ஒரு முறையாவது போய்வர வேண்டும்.

இந்த 30 என்ற எல்லைக்குப் பின்னால் 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். எண்ணைக் குறைத்ததாலோ தண்டனையைக் கூட்டியதாலோ மட்டும் சாவு நிலையாகக் குறைந்துவிடவில்லை. இன்று இரவு வழியில் நிறுத்துவார்கள், ஊதச் சொல்வார்கள் என்று ஓட்டுபவர் நம்பிய இடங்களில்தான் குறைந்தது. இந்தியா எண்ணை எடுத்துக்கொண்டது. அதை உயிர்ப்பிக்கும் நடைமுறையை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்கும் நடையும்

மோட்டார் வண்டிக்கு முன்பே இந்தக் குற்றம் பிறந்துவிட்டது. குதிரை, மாடு, வண்டி, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொதுவழியில் குடித்திருப்பவரைத் தண்டிக்கும் பிரிவு இங்கிலாந்தின் 1872 மது உரிமச் சட்டத்திலேயே உண்டு. 1897 செப்டம்பரில் லண்டனில் மின்சார வாடகை வண்டியைக் கட்டடத்தில் மோதிய ஜார்ஜ் ஸ்மித் என்ற ஓட்டுநர், மோட்டார் வாகனத்தைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் என்று வரலாற்றில் பதிவானார். அவரே குடித்ததை ஒப்புக்கொண்டதால் நிரூபிக்கும் தொல்லை யாருக்கும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் அவ்வளவு தாராளமாக இல்லை.

1930இல் வந்த பிரிட்டிஷ் சாலைச் சட்டம், வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மதுவின் வசப்பட்டிருத்தல் என்று குற்றத்தை வரையறுத்தது. 1939இன் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் தன் 117ஆம் பிரிவில் ஏறத்தாழ அதே சொற்களை எடுத்துக்கொண்டது. எவ்வளவு குடித்தார் என்பது கேள்வியல்ல, கட்டுப்பாடு போயிற்றா என்பதே கேள்வி. அதற்குச் சாட்சி காவலரின் மூக்கு, மருத்துவரின் கண், கோடு போட்டு நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனை.

தமிழகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1937இல் இராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு பிறகு மாகாணம் முழுவதற்கும் விரிந்து 1971 வரை நீடித்தது. குடிப்பதே குற்றமாக இருந்த காலத்தில் குடித்துவிட்டு ஓட்டுவது தனிப் பிரச்சினையாகக் கண்ணில் படவில்லை. அரசு மருத்துவர்கள் எழுதிய சான்றிதழ்கள் அந்த உலகத்துக்கானவை. மது அருந்தவில்லை, அருந்தியிருக்கிறார் ஆனால் போதையில் இல்லை, அருந்திப் போதையில் இருக்கிறார் என்று மூன்றே வாசகங்கள். நடுவில் இருக்கும் வாசகம் எத்தனை ஓட்டுநர்களைக் காப்பாற்றியது என்பதை நீதிமன்ற வளாகங்களில் பழகிய எவரும் சொல்வார்.

இந்த முறைக்கு முதல் பெரிய அடி 1971இல் விழுந்தது. பச்சுபாய் ஹசன்அலி காரியானி வழக்கில், வாயில் மது வாடை, விரிந்த கண்மணி, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரத்தம் அல்லது சிறுநீர்ச் சோதனை செய்யப்படவில்லை என்பதே குறை. வேறு சில நாடுகள் எண்ணுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

எண் பிறந்த கதை

மூச்சில் மது வெளியேறுகிறது என்பதை 1870களிலேயே லண்டன் மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி சோதித்துக் காட்டியிருந்தார். அளப்பதுதான் கடினம். ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் விட்மார்க் 1922இல் சில துளி இரத்தத்தில் ஆல்கஹாலை அளக்கும் முறையை உருவாக்கினார். குடித்த அளவு, உடல் எடை, கழிந்த நேரம் ஆகியவற்றை இணைத்து 1932இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்றும் நீதிமன்றங்களில் பயன்படுகிறது.

அந்தக் கணக்கை நம் ஊர் அளவுக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஆண், 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பிராந்தியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, குடித்தால் உள்ளே போவது ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால். கணக்குப்படி இரத்தத்தில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். இரவு பத்து மணிக்குள் குடித்து முடித்தவர் காலை ஆறு மணிக்குப் பால் வண்டியை எடுக்கும்போது சட்ட எல்லையான 30ஐ ஒட்டியே நிற்பார். மோரோ எலுமிச்சையோ குளிர்ந்த நீரில் குளியலோ இந்தக் கணக்கை மாற்றாது. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, அடித்தவரே குடித்த கையோடு கிளம்பினால் எல்லையைத் தாண்டியிருப்பார். ‘ரெண்டு ரவுண்டுதான், ஸ்டெடியா இருக்கேன்’ என்று சோதனைச் சாவடியில் சொல்லப்படும் வாதம் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் செல்லும். இன்றைய சட்டத்தின் முன் செல்லாது.

அமெரிக்காவில் ஆய்வு மூச்சின் வழியே போயிற்று. 1927இல் எமில் போகன் கால்பந்தின் உள்பையில் ஊதவைத்து அந்தக் காற்றைச் சோதித்தார். இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரோலா ஹார்கர் 1930களில் உருவாக்கிய கருவியில் பலூனில் ஊத வேண்டும். காற்று பர்மாங்கனேட் கரைசலின் ஊதா நிறத்தைப் போக்கினால் மது உண்டு. அதற்கு டிரங்கோமீட்டர் என்று பெயர். 1938இல் ரிச்சர்ட் ஹோல்கம் இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் விபத்தில் காயமடைந்த 270 ஓட்டுநர்களையும் சாலையில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த 1,750 ஓட்டுநர்களையும் ஒப்பிட்டார். காயமடைந்தவர்களிடம் மது கூடுதல் என்பதைவிட முக்கியமானது ஆய்வின் வடிவம். விபத்தில் சிக்காதவர்களையும் அளந்தால்தான் மதுவின் பங்கு தெரியும் என்பதை அது நிறுவியது.

அதே காலத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கமும் தேசியப் பாதுகாப்புக் குழுவும் பரிந்துரைத்த எல்லை 150 மில்லிகிராம். இந்தியானா 1939இல் அதைச் சட்டத்தில் ஏற்றது. மேலே சொன்ன குவார்ட்டர் முழுவதையும் ஒரேயடியாக இறக்கியவர் எட்டும் அளவு அது. எந்த வழக்கறிஞரும் மறுக்கத் துணியாத உயரத்தில் கோட்டைப் போட்டார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அறிவியல் காட்டிய எல்லை அதற்கு மிகக் கீழே இருந்தது.

நார்வே அப்படித் தயங்கவில்லை. 1936இல் 50 மில்லிகிராம் என்று நிர்ணயித்து, அதைத் தாண்டினாலே குற்றம், நடை தள்ளாடியதா என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று ஆக்கியது. உலகில் இப்படி எண்ணையே குற்றமாக்கிய முதல் நாடு அதுதான். ஸ்வீடன் 1941இல் 80, 1957இல் 50, 1990இல் 20 என்று படிப்படியாக இறங்கியது. இந்த நாடுகளுக்கு இது எப்படி எளிதாயிற்று? நார்வே 1916 முதல் 1927 வரை சாராய வகைகளைத் தடை செய்து பார்த்த நாடு. ஸ்வீடன் 1955 வரை குடிமக்களுக்கு மதுவைப் பங்கீட்டுப் புத்தகத்தில் கொடுத்தது. மதுவிலக்கு இயக்கம் குடியை ஒழிக்கத் தோற்றபின் தன் ஆற்றலை ஓட்டுநர் மேல் திருப்பியது என்பது என் கணிப்பு. மதுவிலக்கு தோற்ற தமிழ்நாட்டில் அந்த ஆற்றல் வேறு திசையில் போனதைப் பின்னால் பார்ப்போம்.

1954இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் என்ற இந்தியானா காவல்துறை ஆய்வகத்துக்காரர், மூச்சில் உள்ள மது டைக்ரோமேட் கரைசலின் மஞ்சள் நிறத்தை மங்கச் செய்வதை ஒளிமின்கலத்தால் அளக்கும், எடுத்துச் செல்லக்கூடிய கருவியைச் செய்தார். பிரீத்தலைசர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. கருவியைவிட அவர் செய்த இன்னொரு வேலை பெரியது. மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1962, 1963 ஆண்டுகளில் விபத்தில் சிக்கிய 5,985 ஓட்டுநர்களையும், அதே இடங்களில் அதே கிழமை அதே நேரத்தில் சென்ற 7,590 ஓட்டுநர்களையும் சோதித்தார். 80 மில்லிகிராமில் ஆபத்து பல மடங்கு, 150இல் இருபது மடங்குக்கும் மேல் என்று 1964இல் வெளியான முடிவு, உலகம் முழுவதும் எல்லைகளைக் கீழே இறக்கியது.

அதே தரவில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மிகக் குறைவாகக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடக் குறைவாகவே விபத்தில் சிக்கியதுபோல் வளைகோடு சற்றுப் பள்ளமாகத் தெரிந்தது. குடிக்கு ஆதரவாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அடிக்கடி குடிப்பவர், எப்போதாவது குடிப்பவர் என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பிரிவிலும் ஆபத்து குடிக்கக் குடிக்க ஏறவே செய்கிறது, பள்ளம் மறைந்துவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கொஞ்சம் போட்டால்தான் கை நிதானப்படும் என்ற பேச்சு மட்டும் இன்னும் மறையவில்லை.

பிரிட்டன் கற்றுத்தந்த இரட்டைப் பாடம்

பிரிட்டனில் 1966 தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட முதல் மசோதாவில் எந்த ஓட்டுநரையும் காரணமின்றி நிறுத்தி ஊதவைக்கும் அதிகாரம் இருந்தது. தேர்தல் வந்ததால் மசோதா காலாவதியானது. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் மீண்டும் கொண்டுவந்தபோது அந்த அதிகாரம் கைவிடப்பட்டிருந்தது. சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அல்லது விபத்தோ போக்குவரத்து விதிமீறலோ நடந்தால் மட்டும் சோதிக்கலாம் என்று சுருங்கியது. 80 மில்லிகிராம் எல்லையுடன் 1967 அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காசிலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாத பெண்ணா எங்களுக்குச் சட்டம் போடுவது என்று மதுக்கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் கொதித்தார்கள்.

முதல் ஆண்டில் சாலை மரணங்கள் 1,152 குறைந்தன என்று அரசு அறிவித்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணை மணிவாரியாகப் பிரித்தார். மதுக்கடைகள் மூடியிருக்கும் வேலைநேரங்களில் மாற்றமே இல்லை. வார இறுதி இரவுகளில் மரணமும் படுகாயமும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்திருந்தன. சட்டம் வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அவருடைய வரைபடத்தின் வலப்பக்கம் இன்னொன்றைச் சொன்னது. சில ஆண்டுகளுக்குள் கோடு மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கி ஏறியது.

ராஸின் விளக்கம் எளிமையானது. சட்டம் வந்தபோது எழுந்த ஆரவாரத்தில், வெளியே கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று மக்கள் நம்பினார்கள். உண்மையில் பிடிபடும் வாய்ப்பு மிகச் சிறியது. வாரக் கணக்கில் போய்வந்து அதைத் தெரிந்துகொண்டதும் அச்சம் கரைந்துவிட்டது. தண்டனையின் கடுமை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. மாறியது எதிர்பார்ப்பு ஒன்றுதான்.

இதற்கு அரை நூற்றாண்டு கழித்து ஸ்காட்லாந்து மறுசோதனை நடத்தியதுபோல் ஆயிற்று. 2014 டிசம்பரில் அங்கு எல்லையை 80இலிருந்து 50ஆகக் குறைத்தார்கள். அண்டையிலுள்ள இங்கிலாந்தும் வேல்ஸும் 80இலேயே இருந்ததால் ஒப்பிடுவது சுலபம். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவின்படி விபத்துகள் குறையவில்லை. எண் இறங்கியதற்கு ஈடாகச் சோதனைகள் கூடவில்லை என்பதை அவர்களே காரணமாகக் கருதினார்கள்.

பிரிட்டன் கைவிட்ட அதிகாரத்தை ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது. விக்டோரியா 1976இலும் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரிலும் தற்செயல் சோதனையைத் தொடங்கின. இவற்றில் இரண்டாவதே பாடமானது. காவல்துறை மறைந்து நிற்கவில்லை. பெரிய எழுத்துகளோடு பேருந்தையே சாலையில் நிறுத்தி, வருகிற வண்டியையெல்லாம் ஓரங்கட்டி, குடித்தாற்போல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஊதச் சொன்னது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ பத்து லட்சம் சோதனைகள், உரிமம் வைத்திருந்தவர்களில் மூவருக்கு ஒன்று என்ற அளவில். மரணங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. பிரிட்டனைப் போல மீண்டும் ஏறிவிடவில்லை. இதை ஆராய்ந்த ராஸ் ஹோமல் கவனித்த இன்னொரு பயன், நண்பர்கள் மத்தியில் மறுப்பதற்கு ஓட்டுநருக்கு ஒரு கௌரவமான சாக்கு கிடைத்தது. ‘வழியில செக்கிங் இருக்குப்பா’ என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஜப்பான் வேறு நூலைப் பிடித்தது. எல்லையை 30ஆக 2002இல் குறைத்து, 2006இல் ஃபுகுவோகாவில் மூன்று குழந்தைகள் இறந்த விபத்துக்குப் பிறகு, ஓட்டுநருக்கு மது ஊற்றிக் கொடுத்தவர், வண்டியைக் கொடுத்தவர், தெரிந்தே உடன் ஏறியவர் ஆகியோரையும் 2007இல் தண்டனைக்குள் கொண்டுவந்தது. குடித்தவரையும் அவருடைய காரையும் சேர்த்து வீட்டில் விட்டுவரும் மாற்று ஓட்டுநர் தொழில் அங்கு ஏற்கெனவே ஊர்தோறும் இருந்தது. 2000இல் 1,276ஆக இருந்த, மரணம் விளைவித்த குடிபோதை விபத்துகள் 2022இல் 120 அளவுக்கு வந்தன. நம்முடைய அதே 30 மில்லிகிராம்தான்.

அமெரிக்காவின் பாதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் 1980இல் தொடங்கிய தாய்மார் இயக்கம், குடிக்கும் வயதை 21ஆக்கிய 1984ஆம் ஆண்டுச் சட்டம், சோதனைச் சாவடிகளை அனுமதித்த 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாடு முழுதும் 80 மில்லிகிராம் எல்லைக்கு வழிவகுத்த 2000ஆம் ஆண்டுச் சட்டம். 1982இல் 21,113ஆக இருந்த மரணங்கள் 2011இல் பத்தாயிரத்துக்குக் கீழே போய், பிறகு மீண்டும் ஏறின.

இந்தியச் சட்டத்தில் எண்

இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது 30 என்ற எண்ணே இல்லை. எவ்வளவு சிறிய அளவானாலும் இரத்தத்தில் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்றது அது. உலகின் மிகக் கண்டிப்பான சட்டம், ஆனால் அளக்கக் கருவி இல்லாத காவல் நிலையங்களின் கையில். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 30 மில்லிகிராம் எல்லையையும் பிரீத் அனலைசரையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. அதிலும் சிக்கல். சட்டத்தின் வாசகம் பிரீத் அனலைசர் சோதனையை மட்டுமே பெயர் சொன்னதால், மருத்துவமனையில் எடுத்த இரத்தச் சோதனை முடிவைக் கொண்டு தண்டிக்க முடியுமா என்று வாதம் எழுந்தது. ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறு சோதனைகளையும் சேர்த்து அதை அடைக்க 2019 வரை ஆயிற்று. அதே திருத்தம் முதல் குற்றத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது.

தண்டனை வேறொரு வழியிலும் ஏறியது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006இல் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஏழு பேரைக் கொன்ற வழக்கில், அசட்டையால் மரணம் விளைவித்தல் என்ற இரண்டாண்டுப் பிரிவு போதாது, மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்த குற்றம் என்ற பிரிவில் தண்டிக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் குழு, குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கும்படி 2015இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஜப்பானைப் போல, போதையில் ஓட்டுபவரோடு பயணிப்பவருக்கும் அபராதம் என்று 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. உடந்தையைக் குற்றமாக்கும் 188ஆம் பிரிவு புத்தகத்தில் ஏற்கெனவே இருந்ததுதான்.

இத்தனைக்கும் பிறகு கணக்கில் நூற்றுக்கு இரண்டரை என்று வருவது எப்படி? விபத்து வழக்குப் பதியும் முறையில் விடை இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதப்படுகிறது. தேசிய அறிக்கையில் பத்தில் ஏழு மரணங்கள் அதிவேகத்தின் தலையில் விழுவது இதனால்தான். குடித்தவர் வேகமாகப் போனால் காரணம் வேகம் என்று ஒன்றாகவே பதிவாகிறது. காயமடைந்தவரை உறவினர்கள் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது விபத்துப் பதிவேட்டில் மது வாடை என்ற குறிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கு அக்கறை உண்டு. ஏறினால் காப்பீடு சிக்கலாகும். பணிமருத்துவருக்கு அந்த நேரத்தில் உயிரைக் காப்பது முதல் வேலை. இரத்தம் எடுப்பது தாமதமானால் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் சான்று கரைந்துகொண்டே போகும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற இடங்களில் காயமடைந்தவர்களை நேரடியாக ஆராய்ந்தவர்கள் கண்ட பங்கு, அரசு அறிக்கையில் இருப்பதைவிடப் பல மடங்கு. அளவே தெரியாத ஒன்றைக் குறைத்துவிட்டோமா என்று யாரால் சொல்ல முடியும்?

கடையை நகர்த்திய போராட்டம்

ஸ்காண்டிநேவியாவில் மதுவிலக்கு இயக்கத்தின் மிச்ச ஆற்றல் ஓட்டுநரைத் தேடிப் போயிற்று என்றால், தமிழ்நாட்டில் அது கடையைத் தேடிப் போயிற்று. காரணம் வெளிப்படை. 2003 நவம்பரிலிருந்து இங்கே சில்லறையில் மது விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். குடிக்கவைப்பவரும் குடித்தவரைப் பிடிப்பவரும் ஒரே அரசு.

நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த பொதுநல வழக்கில், அவற்றை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் மதுக்கடை உரிமம் கூடாது என்று தேசியச் சாலைப் பாதுகாப்புக் குழு 2004லேயே ஒருமனதாக முடிவெடுத்திருந்தும் மாநிலங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போய், தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்ற வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று நாடு முழுவதற்குமான தீர்ப்பாயிற்று. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது, 2017 ஏப்ரல் முதல் உரிமம் இல்லை. 20,000 பேருக்குக் குறைந்த ஊர்களில் 220 மீட்டர் என்று 2017 மார்ச் 31இல் தளர்த்தினார்கள்.

அடுத்து நடந்தது இந்திய நிர்வாகத்தின் தனித்திறமை. பல மாநிலங்கள் ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைப் பகுதிகளை உள்ளூர்ச் சாலைகள் என்று ஓர் அரசாணையில் பெயர் மாற்றின. கேரளத்தின் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம், நடந்து வரும் தூரம் கூடட்டும் என்று வாசலுக்கு முன் சுற்றிச் சுற்றிப் போகும் வேலிப் பாதை அமைத்தது. தமிழ்நாட்டில் மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடின. அவற்றில் பல குடியிருப்புகளையும் கிராமங்களையும் நோக்கி நகர்ந்தபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அவர்கள் மேல் தடியடி நடந்தது. நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் விளக்கியதும் பெரும்பகுதிக் கடைகளுக்கு வழி திறந்தது.

பாலுவின் வழக்கை நான் வீண் என்று கருதவில்லை. சாலையில் போகிறவன் கண்ணில் படும் இடத்தில் அரசே மது விற்கக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் இருசக்கர வண்டி உள்ளவனுக்கு 500 மீட்டர் ஒரு தூரமே இல்லை. கடை எங்கிருந்தாலும் குடித்தவர் வீட்டுக்கு எப்படித் திரும்புவார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. டாஸ்மாக் பார் வாசலில் நிற்கும் பைக்குகளின் வரிசையைத் தாண்டி இரவு பத்து மணிக்குக் கடைசிப் பேருந்து போய்விட்ட ஊர்கள் எத்தனையோ உண்டு.

ராஜஸ்தான் காட்டிய வழி

எங்கே நிறுத்துவது, யாரை நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்திய மண்ணிலேயே நல்ல சோதனை நடந்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, டேனியல் கெனிஸ்டன், நினா சிங் ஆகிய நால்வரும் ராஜஸ்தான் காவல்துறையோடு சேர்ந்து, காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நினா சிங் அப்போது அந்த மாநிலத்தின் காவல்துறை உயரதிகாரியாக இருந்தார். சில நிலையங்களில் எப்போதும் ஒரே இடத்தில் சோதனை. சிலவற்றில் மூன்று இடங்களுக்குள் மாறி மாறி. இன்னும் சிலவற்றில் சோதனை கூட்டப்படவில்லை.

ஒரே இடத்தில் நின்ற சாவடிகளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஊர்க்காரர்கள் சில நாளில் இடத்தைத் தெரிந்துகொண்டு பக்கத்துச் சாலையில் போனார்கள். மாறிக்கொண்டே இருந்த சாவடிகளின் பகுதியில் இரவு விபத்துகள் 17 விழுக்காடும் இரவு மரணங்கள் 25 விழுக்காடும் குறைந்தன. நிலையத்தின் வழக்கமான காவலர்களைவிட, போலீஸ் லைன்ஸிலிருந்து வரவழைக்கப்பட்டு ஜிபிஎஸ் வழியாகக் கண்காணிக்கப்பட்ட தனிக் குழுக்கள் ஒழுங்காகச் சாவடிக்கு வந்து நின்றன. நியூ சவுத் வேல்ஸின் பேருந்துச் செலவு இல்லாமலே அந்தப் பாடம் இங்கே நிரூபணமானது. சென்னையில் மேம்பாலம் இறங்கும் அதே முனையில், வார இறுதியில் அதே நேரத்தில் பிடிக்கப்படும் ‘டிடி கேஸ்கள்’, அதாவது குடிபோதை ஓட்டுதல் வழக்குகள், ஏன் எண்ணிக்கையில் பெருகியும் பயமாக மாறவில்லை என்பதற்கும் இதில் விளக்கம் உண்டு.

ஆனால் அந்தச் சாவடியில் நிற்கும் உதவி ஆய்வாளரின் கையில் இருக்கும் சட்டம் 1967ஆம் ஆண்டு பிரிட்டனுடையதைத்தான் ஒத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவுப்படி, 185இன் கீழ்க் குற்றம் செய்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே அவர் ஊதச் சொல்லலாம். வருகிற எல்லாரையும் நிறுத்துவது நடைமுறையில் நடக்கிறது, சட்டத்தின் வாசகத்தில் இல்லை. காவலர்கள் இன்னும் முதலில் ஓட்டுநரின் வாயருகே குனிந்து மோப்பம் பார்ப்பதும் இந்த வாசகத்தோடு பொருந்தித்தான் போகிறது. அபராதத்தை ஐந்து மடங்காக்கி, இரத்தச் சோதனைக்கான ஓட்டையையும் அடைத்த 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 203இல் இருக்கும் ‘நியாயமான காரணம்’ என்ற நிபந்தனையைத் தொடாமல் விட்டுவிட்டது.